அரசியின் விரல் நுனிகள்

செய்தி வந்தபோது நான் ஆய்வகத்தில் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சமையல் அடுப்பு இல்லை; மெல்லிய ரப்பர் படலங்களைப் பதமாகச் சூடாக்கி இறுக வைக்கிற சின்ன மின்சார அடுப்பு. உள்ளே வலது கைக்கான ஐந்து விரல் உறைகள் இருந்தன. இடது கைக்கானவை முந்தின நாளே தயாராகிவிட்டன. மதியத்துக்குள் எடுத்து, ஒயர்களைச் சேர்த்து, சாயங்கால ரயிலில் குத்தாலம் கொண்டுபோய்விடலாம் என்று நினைத்திருந்தேன். போன் அடித்தது. அரசியின் கணவர் செல்வம். "சார், அரசி போயிட்டா சார்" என்றார். பிறகு எதையோ சொல்ல மறந்துவிட்டது போல, "நீங்க அவசரப்பட வேண்டாம் சார், மெதுவா வாங்க" என்றார்.

அவசரப்பட வேண்டாமாம். பல மாதங்களாக நான் அவசரப்பட்டதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. செல்வம் நல்ல மனிதர், மரியாதைக்குச் சொன்னார். எனக்குத்தான் அந்த வார்த்தை நெஞ்சில் குத்தி நின்றது. அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் செருப்பை மாட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்குக் கிளம்பினேன்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் அரசியிடம் படித்தவர்கள், அவரோடு வேலை பார்த்தவர்கள், அவரிடம் திட்டு வாங்கியவர்கள். மங்கையர்க்கரசி என்ற முழுப் பெயரை வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். எல்லாருக்கும் அவர் அரசி மேடம்தான். கல்லூரி வாசலில் கட்டிய பிளக்ஸைப் பார்த்திருப்பீர்கள். ஈடு செய்ய முடியாத இழப்பு என்று பெரிதாக எழுதி, அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடுத்த, அவருக்கே பிடிக்காத படத்தைப் போட்டிருந்தார்கள். இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாரும் அவர் எப்போதும் சிரித்த முகமாக இருந்தார் என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அரசியை அந்தக் கூட்டத்தில் உட்கார வைத்திருந்தால் பாதியிலேயே எழுந்து போயிருப்பார். அங்கே நான் பேசவில்லை. பேசாததைக் கல்லூரியின் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன். உங்களுக்கு ஆறுதல் சொல்வதற்காக இல்லை. என்னிடம் அது கையிருப்பில் இல்லை.

எங்கள் சிநேகம் ரயிலில் தொடங்கியது. அவர் குத்தாலத்தில் ஏறுவார், நான் திருவிடைமருதூரில் ஏறுவேன். கல்லூரி இருக்கிற தஞ்சாவூர் வரும்வரை சண்டை போடுவோம். அவர் பொருள்களின் ஆள்: எந்த ரப்பரோடு எதைக் கலந்தால் எப்படி வளையும், எப்போது கிழியும் என்பது அவர் கணக்கு. நான் மின்னணு ஆள்: அந்த ரப்பர் என்ன சொல்கிறது என்பதை எண்களாக மாற்றுவது என் வேலை. ரோபோக் கைகளுக்குத் தோல் செய்வதுதான் எங்கள் ஆராய்ச்சி என்று சொன்னால் ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். உண்மையில் அது அவ்வளவுதான். நுண்ணிய காற்றுத் துளைகள் நிறைந்த, ரொட்டித் துண்டு போன்ற ரப்பர் படலம். அழுத்தினால் துளைகள் நசுங்கும். நசுங்கியது எவ்வளவு என்பதை மின்சாரத்தால் தெரிந்துகொள்ளலாம். அதை விரல் நுனியில் ஒட்டினால் இரும்புக் கைக்கும் தொடு உணர்வு வந்துவிடுகிறது. கல்லூரியில் எல்லாரும் சென்சார் என்பார்கள். அரசி மட்டும் தோல் என்றுதான் சொல்வார்.

நாற்றங்காலில் நாற்று பறிக்கிற ரோபோக் கை ஒன்றைச் செய்தோம். உங்களில் சிலர் அதில் வேலை பார்த்தீர்கள். நான் ஆய்வக மேசையில் பஞ்சில் செருகிய நாற்றுகளை வைத்துச் சோதித்து, கை பிரமாதமாக வேலை செய்கிறது என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அரசி ஒரு தட்டு நிறைய சேறும் நாற்றுமாகக் கொண்டுவந்து வைத்தார். கை ஒரு நாற்றை நசுக்கியது, அடுத்ததை நழுவ விட்டது, மூன்றாவதை வேரை விட்டுவிட்டுப் பிய்த்து எடுத்தது. "உங்க டேபிள்ல எல்லாம் நல்லாத்தான் வேலை செய்யும் சார். டேபிள் மேல யாரும் வாழலையே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அழுத்தத்தைக் கூட்டிப் பார்க்கலாம் என்றேன். "பிடி சரியா இருக்கு. வழுக்குதுங்கிறதுதான் அதுக்குத் தெரியலை. உங்க வீட்டு நாத்தங்கால்ல எங்கம்மா நாத்து பறிச்சிருப்பாங்க, நீங்க வரப்புல நின்னு பார்த்திருப்பீங்க. அதான் உங்களுக்குப் பிடிக்கிறது மட்டும் தெரியுது" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு நிலம் இருந்ததும், அவர் வீட்டார் அப்படிப்பட்ட நிலங்களில் வேலை செய்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான். அதை இடையிடையே எடுத்து என் முன்னால் வைப்பது அவர் வழக்கம். அன்று தொடங்கி, விரலுக்கும் பொருளுக்கும் நடுவே நடக்கிற மிகச் சிறிய நழுவலைக் கண்டுபிடிப்பதே எங்கள் முழு வேலையாகிவிட்டது.

அதையே திருப்பிப் போட்டால் மெய்நிகர் கையுறை. கண்ணில் ஒரு கண்ணாடியை மாட்டினால் இல்லாத உலகம் தெரியும். கையுறையை மாட்டினால் அந்த இல்லாத உலகத்தின் பொருள்கள் கையில் படும். கல்லூரிக்கு வந்த விருந்தாளிகள் அத்தனை பேருக்கும் இல்லாத ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கையில் கொடுத்தோம். எல்லாரும் அதை உருட்டி உருட்டிப் பார்த்தார்கள். ஒருவர் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்த்தார். அவர் முகர்ந்ததை அரசி மாதக்கணக்கில் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு நோய் வந்தது. மார்பில் தொடங்கியது. நீண்ட சிகிச்சை, அது முடிந்து தலையில் துணி கட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். விசாரித்தவர்களிடம் "நல்லா இருக்கேன்" என்று ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாரத்தில் ஒருநாள் என் பக்கத்து மேசையில் ஒயர்களைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஏதோ கருகுகிற வாசனை வந்தது. பிளாஸ்டிக் என்று நினைத்துத் திரும்பினேன். பற்றவைக்கும் சூட்டுக்கோலின் உலோகப் பகுதியின் மேல் அவருடைய ஆள்காட்டி விரல் இருந்தது. அவர் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், கை" என்றேன்.

அவர் குனிந்து தன் விரலைப் பார்த்தார். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போல இருந்தது. மெதுவாக எடுத்தார். "ஓ" என்றார். கொப்புளம் கிளம்பிய இடத்தை என்னிடமிருந்து மறைத்து, புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டார். வலியால் கத்தியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன்.

சிகிச்சை மருந்து அவருடைய விரல் நுனிகளைக் கொன்றுவிட்டிருந்தது. சிலருக்கு அப்படி ஆகுமாம். நாளாக ஆக உணர்வு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இதையெல்லாம் அன்று மாலை ரயிலில் சொன்னார். வெளியே குறுவை அறுவடை முடிந்த வயல்கள் போய்க்கொண்டிருந்தன. ஊருக்கெல்லாம் தோல் செய்கிற பெண்ணுக்குத் தன் தோல் செத்துப்போனது. இதை எழுதும்போதுகூட எனக்கு யார் மீதாவது எதையாவது தூக்கி எறிய வேண்டும் போல இருக்கிறது.

"டம்ளர் கீழ விழுது, பட்டன் போட முடியலை, அதெல்லாம் கிடக்கட்டும் சார்" என்றார். "காலையில யாழினிக்குச் சடை பின்ன முடியலை. மூணு காலாப் பிரிச்சுப் பிடிச்சா, ஒரு கால் எப்ப நழுவிச்சுன்னே தெரிய மாட்டேங்குது. கண்ணால பார்த்துப் பார்த்துப் பின்றேன். பாதி வழியில அவுந்துடுது. அவ ஸ்கூல்ல போய் ஃபிரெண்டை விட்டுத் திரும்பப் பின்னிக்கிறா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்கா."

யாழினி அவருடைய ஒரே மகள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். இடுப்புவரை முடி. அரசி எவ்வளவு சீக்கிரம் எழ வேண்டியிருந்தாலும், எந்த ரயிலைத் தவறவிட்டாலும், அந்தச் சடையைத் தானே பின்னிவிட்டுத்தான் வருவார். நானும் ரயிலை விட்டுவிட்டுத் திருவிடைமருதூரில் காத்திருந்து, அவர் வந்ததும், "இன்னிக்கும் சடையா" என்று கிண்டல் செய்தது எத்தனையோ முறை.

நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். கொஞ்ச நாள் போனால் உணர்வு வந்துவிடும் என்ற மாதிரி. அவர் ஜன்னலைப் பார்த்தபடி, "கொஞ்ச நாள் இருந்தாத்தானே சார்" என்றார். புதிய ஸ்கேனில் நோய் ஈரலுக்குப் போய்விட்டது தெரிந்திருந்தது. செல்வத்துக்கு அடுத்தபடியாக அதைத் தெரிந்துகொண்டது நான்தான். என்ன செய்வதென்று தெரியாமல் என் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். கும்பகோணத்தில் கூட்டம் ஏறியது. அந்த இரைச்சலுக்கு நடுவில் அவர் சொன்னது எனக்கு இப்போதும் அப்படியே காதில் இருக்கிறது. "இல்லாத ஆரஞ்சை இருக்கிற மாதிரி ஊரையே நம்ப வெச்சோம். இருக்கிற முடியை எனக்குத் தொட்டுக் காட்டுங்க சார். ஒரு தடவை அவ முடி என் கையில தெரிஞ்சாப் போதும்."

இப்படித்தான் அந்தக் கையுறை தொடங்கியது. கல்லூரி அனுமதி, திட்டம், மதிப்பீடு எதுவும் கிடையாது. விரல் நுனிகளில்தான் உணர்வு இல்லை. மேல் கையில் இருந்தது. எனவே ஒவ்வொரு விரலின் நுனியிலும் எங்கள் தோலை ஒட்டுவது, அது உணர்வதை மேல் கையில் கட்டிய பட்டையில் சின்ன அதிர்வுகளாகக் கொடுப்பது. போன் பாக்கெட்டில் அதிருமே, அது போல, ஆனால் ஒவ்வொரு விரலுக்கும் ஒவ்வோர் இடம். முடி நழுவத் தொடங்கினால் அந்த விரலின் இடம் சட்டென்று துடிக்கும். கேட்பதற்கு எளிது. ஒரு முடிக்கற்றை விரலில் கொடுக்கிற அழுத்தம் நாற்றின் அழுத்தத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. தோலை மெல்லியதாக்கிக்கொண்டே போனோம்.

சோதிக்க முடி வேண்டுமே. கும்பகோணத்தில் வளையல் கடையில் போய்ச் சவுரி கேட்டேன். கடைக்காரர் என் வழுக்கைத் தலையைப் பார்த்துவிட்டு, "வீட்டம்மாவுக்கா சார், முடி என்ன கலரு?" என்றார். ரோபோவுக்கு என்றேன். அவர் மறுபேச்சு இல்லாமல் நீளமானதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அந்தச் சவுரியை மேசை விளிம்பில் இறுக்கி மாட்டினோம். அரசி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, மேல் கையில் வரும் அதிர்வுகளைப் படிக்கப் பழகினார். முதலில் எல்லாம் குழப்பம். "ஒரே கொசுக்கடி மாதிரி இருக்கு" என்பார். நாளடைவில் கை புரிந்துகொண்டது. ஒருநாள் பின்னிக்கொண்டே வந்தவர், "இந்தா போகுது" என்று சொல்லி, கண் திறக்காமல், நழுவிய கற்றையை எட்டிப் பிடித்துவிட்டார். அடிவரை பின்னி முடித்து, அந்தச் சவுரியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். நான் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குத்தாலத்தில் அவர் வீட்டுக்குக் கையுறைகளைக் கொண்டுபோனேன். அரசி அதற்குள் மிகவும் மெலிந்திருந்தார். கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்தார். யாழினி அவருக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அந்தக் குழந்தைக்கு விஷயம் முழுக்கத் தெரியும். முக்கியமான நாள் என்று, அத்தையிடம் சொல்லித் தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்து, படிய வாரிக்கொண்டு வந்திருந்தாள். முடி பளபளவென்று மின்னியது. நான் லேப்டாப்பைத் திறந்து, "ரெடி மேடம்" என்றேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. அரசிக்கும் உறைக்கவில்லை. வியர்வைக்கும் ஈரக் காற்றுக்கும் பயந்து, தண்ணீர் ஒரு சொட்டுப் புகாதபடி அந்தத் தோலை எத்தனையோ விதமாகச் சோதித்திருந்தோம். எண்ணெயை நாங்கள் இரண்டு பேரும் ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

அந்த ரப்பரின் குணம் அது. தண்ணீரை உருட்டி வெளியே தள்ளிவிடும். எண்ணெயைச் சொந்தக்காரர் வந்தது போல உள்ளே கூப்பிட்டுக்கொள்ளும். எண்ணெய் போய்க் காற்றுத் துளைகளை நிரப்பிவிட்டால், யாரோ அழுத்துகிறார்கள் என்றுதான் தோல் நினைக்கும். அரசி முடியை மூன்றாகப் பிரித்து, இரண்டு மடிப்புப் பின்னுவதற்குள் திரையில் கோடுகள் ஒவ்வொன்றாக உயர்ந்து மேலேயே நின்றுவிட்டன. அவர் இரண்டு மேல் கைகளிலும் எல்லா இடங்களும் ஒரே சமயத்தில் துடித்துக்கொண்டிருந்தன. அவர் கையை முடியிலிருந்து எடுத்துப் பார்த்தார். துடிப்பு நிற்கவில்லை. தொடாதபோதும் தொடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

"அம்மா, தெரியுதாம்மா?" என்றாள் யாழினி. முகத்தைத் திருப்பாமல் நேராக உட்கார்ந்தபடி கேட்டாள்.

"தெரியுதுடி. நல்லாத் தெரியுது" என்றார் அரசி.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். எவ்வளவு வழவழன்னு இருக்கு."

பிறகு கண்ணால் பார்த்துப் பார்த்து அந்தச் சடையை முடித்தார். யாழினி அதை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டில் காட்ட ஓடினாள். அவள் போன பிறகு அரசி கையுறைகளைக் கழற்றினார். விரல் உறைகள் எண்ணெயில் ஊறி, உப்பிப் போயிருந்தன. "எண்ணெய் சார்" என்றார். சிரிக்கத் தொடங்கினார். "இந்த ஊர்ல எண்ணெய் வைக்காத தலை எங்க சார் இருக்கு? நான் பொறந்ததுலேர்ந்து எண்ணெய் வெச்ச தலைதான் பார்த்திருக்கேன். நமக்கெல்லாம் டாக்டர் பட்டம் குடுத்தவங்களைக் கூப்பிட்டுத் திருப்பிக் குடுத்துடலாம்." அந்தச் சிரிப்பு நின்ற இடத்தில் அழுகை தொடங்கியது. அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். செல்வம் வாசலில் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்.

நான், வேறு புதுத் தோல் ஊற்றிக்கொண்டு வருகிறேன், பாப்பாவைத் தலைக்குக் குளித்துவிட்டு உட்காரச் சொல்லலாம் என்றேன். அந்த நிலையிலும் அவருக்குக் கோபம் வந்தது. "உங்க டேபிள்ல மாட்டின சவுரி மாதிரி என் பொண்ணு வந்து உட்காரணுமா? ஸ்கூலுக்குப் போற முடி எப்படி இருக்குமோ அப்படித்தான் எனக்குத் தெரியணும்." அவர் சொன்னது நியாயம். அந்த நியாயத்துக்கு எங்களிடம் நாள் இல்லை.

அதன் பிறகு ஒரே ஓட்டம்தான். எண்ணெய் புகாத வேறொரு பிளாஸ்டிக் படலத்தைத் தோலின் மேல் போர்த்த வேண்டும். கனமாகப் போர்த்தினால் முடி பட்டதே தெரியவில்லை. மெல்லியதாகப் போர்த்தினால் விரலை மடக்கும்போது கிழிந்தது. ஒவ்வொன்றாக ஊற்றுவேன், சூடாக்குவேன், உரிப்பேன், கிழியும். அரசி படுக்கையிலிருந்தபடி போனில் சொல்வார்: "இன்னும் மெல்லிசா ஊத்துங்க", "சூட்டைக் குறைங்க", "மெதுவா உரிங்க சார், உங்க கை அவசரக் கை." நாளாக ஆகக் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. பிறகு செல்வம் போனைப் பிடித்துக்கொண்டு அவர் சொல்வதை எனக்குத் திரும்பச் சொன்னார். நான் கோயிலுக்குப் போகிற ஆள் இல்லை. திருவிடைமருதூரில் பிறந்து வளர்ந்தும் தேர் இழுக்கப் போனதோடு சரி. அந்த வாரம் போனேன். சன்னிதியில் நின்றபோது பெரிதாக எதையும் கேட்க நா எழவில்லை. அடுத்த படலம் கிழியக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். கிழிந்தது.

கடைசியாக நான் பார்த்தபோது அவரால் உட்கார முடியவில்லை. என் கையில் பை இருப்பதைப் பார்த்து, "வந்துடுச்சா?" என்றார். பையில் பழம்தான் இருந்தது. இல்லை என்று தலையாட்டினேன். எந்த மாணவர் அரைகுறையாக எதைக் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்புகிற அரசி மேடம், "சுமாரா இருந்தாலும் பரவால்ல சார். கொண்டாந்துடுங்க" என்றார். அவரிடமிருந்து அப்படி ஒரு வார்த்தையை உங்களில் யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள். என்னிடம் சுமாரானதுகூட இல்லை. எல்லாம் கிழிந்து கிடந்தன.

இடது கை உறைகள் கிழியாமல் வந்த மறுநாள், செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். செல்வம் என் கையைப் பிடித்துக்கொண்டு முந்தின நாள் காலை நடந்ததைச் சொன்னார். அரசி யாழினியைக் கட்டிலோரம் உட்காரச் சொல்லியிருக்கிறார். தலையணைகளை அடுக்கி, செல்வம் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்துக்கொள்ள, வெறுங்கையால் சடை பின்னியிருக்கிறார். கற்றை நழுவ நழுவ மறுபடி மறுபடி எடுத்துப் பின்னினாராம். "ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னு பாப்பா ஒரு வார்த்தை சொல்லலை சார். அசையாம உட்கார்ந்திருந்தா" என்றார் செல்வம். யாழினி அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. மறுநாள் விடியலில் அரசி போய்விட்டார்.

நானும் வாய்க்கரிசி போட்டேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத முடியவில்லை. காவிரிக் கரைக்கு எடுத்துக்கொண்டு கிளம்பும்போது செல்வம், "சார், நீங்க வர வேண்டாம். பாப்பாகூட இருங்க. உங்ககிட்டதான் பேசுறா" என்றார். நான் இருந்தேன்.

பிரேதம் போன பிறகு வீட்டைக் கழுவிவிட்டார்கள். எல்லாரும் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். யாழினி மட்டும் கொல்லைப்புறக் குழாயடியில் பாவாடை சட்டையோடு அப்படியே நின்றாள். சடையை முன்னால் போட்டு இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். "சடையை அவுத்துட்டுத் தலைக்கு ஊத்திக்கோடா கண்ணு" என்று அவள் அத்தை கெஞ்சினார். நல்ல பெண்மணி அவர், அழுதுகொண்டேதான் கெஞ்சினார்.

"அவுக்க மாட்டேன் அத்தை. அம்மா பின்னினது."

"ஊத்திக்காம இருக்கக் கூடாதுடா."

யாழினி என்னைப் பார்த்தாள். "அங்கிள், அவுக்காம ஊத்திக்கிட்டா தப்பா?"

"தப்பில்லம்மா" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று யாரும் கேட்கவில்லை. அத்தை விலகி நின்றார்.

யாழினி குவளையில் தண்ணீர் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள். இன்னொரு குவளை ஊற்றினாள். சடை நடுவில் நெகிழ்ந்தது. அவள் பதறிப் பிடிப்பதற்குள் மூன்று கற்றைகளும் தனித்தனியாகப் பிரிந்து தோளில் விழுந்துவிட்டன. நாடா மட்டும் கையில் இருந்தது. உணர்வில்லாத விரல்கள் பின்னிய சடை வேறு எப்படி இருக்கும். அத்தை முகத்தை மூடிக்கொண்டார். யாழினி அழவில்லை. தண்ணீர் சொட்ட என்னைப் பார்த்து நின்று, "இறுக்கமா இருக்கான்னு அம்மா கேட்டாங்க அங்கிள். நான் டைட்டா இருக்குன்னு சொன்னேன்" என்றாள்.

மறுநாள் ஆய்வகத்துக்குப் போனேன். அடுப்பு தானாக அணைந்திருந்தது. ஐந்து உறைகளும் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்திருந்தன. ஒயர்களைச் சேர்த்து, சவுரியைத் தேங்காய் எண்ணெயில் முக்கி எடுத்துச் சோதித்தேன். திரையில் கோடுகள் தொட்டபோது எழுந்தன, விட்டபோது இறங்கின. எண்ணெய் ஒரு துளி உள்ளே போகவில்லை. ஒவ்வொரு நழுவலும் சுத்தமாகத் தெரிந்தது. என் வாழ்நாளில் இதைவிடக் கேவலமான வெற்றியை நான் பார்த்ததில்லை. அந்த உறைகள் அவருடைய விரல் அளவுக்கு வார்த்தவை. என் விரலில் பாதிக்கு மேல் ஏறவில்லை. செய்முறையை எழுதி வைத்துவிட்டேன். உணர்வு போன கைகள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. யாராவது எடுத்துச் செய்யுங்கள். நான் செய்யக்கூடும். இப்போது முடியாது.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று எழுதி முடிக்கச் சொன்னார்கள். அவர் போட்ட சண்டைகளை வைத்திருக்கிறேன். அதற்கு மேல் என்னிடம் இருப்பது ஒரே ஒரு விஷயம், அது யாழினிக்குச் சேர வேண்டியது. அவள் இதை இப்போது படிக்கப் போவதில்லை. படிக்கிற வயதில் படிக்கட்டும். யாழினி, அந்த ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா "நல்லாத் தெரியுது" என்று உன்னிடம் சொன்னாரே, அப்போது அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. உன் முடி பட்டது அவர் விரலுக்கு உறைக்கவே இல்லை. நீ சந்தோஷமாக ஓட வேண்டும் என்று சொன்னார். சடை டைட்டாக இருக்கிறது என்று சொல்லி நீயும் அதையேதான் அவருக்குச் செய்தாய். இதை உன்னிடம் குழாயடியிலேயே சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை.